பூனை படத்துக்குக் கீழே

என் வாய்தான் எனக்கு எதிரி என்பது என் அக்காவின் கட்சி. அவளும் டீச்சர்தான். நேர்முகத் தேர்வு மேசைக்கு இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறாள். அந்த அதிகாரத்தில் ஒரு வாரமாக என்னை போனில் பிடித்து உலுக்கி எடுத்தாள்.

"படிப்புல பின்தங்கின பிள்ளைங்களுக்கு என்ன செய்வீங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க. உடனே ஆரம்பிச்சுடாதே. ரெண்டு மூச்சு விடு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பெருமை அடிச்சுக்காதே."

"நான் எப்போ பெருமை அடிச்சேன்?"

"இப்ப அடிக்கத்தான் போறே. நான் வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். சம்பளம் இரண்டாம்பட்சம். முக்கியக் காரணம் என் மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு. இரண்டாம் வகுப்பு படிக்கிற வயது. பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. காதில் ஒரு தடவை விழுந்த பாடத்தை அப்படியே ஒப்பிப்பாள். ஆனால் எழுத்தைக் காட்டிக் கேட்டால் சுவரைப் பார்ப்பாள். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்தி, சரியான இடத்தில் பக்கத்தையும் திருப்பி, மனப்பாடமாகச் சொல்லியே முதல் பள்ளிக்கூடத்தை ஏமாற்றிவிட்டாள். இரண்டாவது பள்ளிக்கூடம் உஷார். இரண்டு இடத்திலுமே கடைசியில், "வேற இடம் பாருங்களேன்" என்று நயமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் படிக்க வைத்தவள் நான். சொந்தப் பெண்ணிடம் மட்டும் என் வித்தை பலிக்கவில்லை. "டீச்சர் பொண்ணுக்கே படிக்க வரலையாமே?" என்று மாடி வீட்டம்மா அக்கறையாக விசாரிக்கும்போதெல்லாம் ஒரு குடம் தண்ணீரை அவள் தலையில் கவிழ்க்கலாம் போலிருக்கும்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. எனக்கு வேலை கிடைத்தால் அவளுக்கு இடம். என் கண் முன்னாலேயே இருப்பாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிவிடலாம். கிடைக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் கதவைத் தட்டுவதற்கு வேறு பள்ளிக்கூடம் பாக்கியில்லை.

தேர்வு அன்றைக்கு என் வீட்டுக்காரரால் விடுப்பு எடுக்க முடியவில்லை. அதனால் வாண்டையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் மாடி நடையில் ஒரு நீள பெஞ்சு இருந்தது. அதில் அவளை உட்கார வைத்து, "வாயைத் திறக்கக் கூடாது" என்றேன். வாயை இரண்டு விரலால் பூட்டி, சாவியைப் பாவாடைப் பைக்குள் போட்டுக் காட்டினாள்.

கூப்பிடக் காத்திருந்தபோது இடைவேளை மணி அடித்தது. தொடக்கப் பள்ளியில் இடைவேளை மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது என் அனுபவம். இங்கே கதவுகள் திறந்தன. பிள்ளைகள் சுவரை ஒட்டி வரிசையாக வந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், திரும்பிப் போனார்கள். ஒருவர் கூட ஓடவில்லை. ஒருவர் கூடச் சண்டை போடவில்லை. யாருடைய செருப்பும் தரையில் தேயவில்லை. நல்ல ஒழுங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே இரண்டு பேர். தலைமையாசிரியை சன்னமான குரல்காரி. பேசும்போது எதிரில் இருப்பவரின் நெற்றியைப் பார்ப்பவள். பக்கத்தில் பள்ளியை நடத்துகிற தாளாளர், மடித்த கைக்குட்டையை மேசை மேல் வைத்து அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர்களுக்குப் பின்னால் சுவரில் வகுப்புப் புகைப்படங்கள் மாட்டியிருந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு கூட்டத்தை வருடா வருடம் எடுத்து வரிசையாக வைத்திருந்தார்கள். முதல் படத்தில் பிள்ளைகள் நெருக்கியடித்து நான்கு வரிசையாக நின்றார்கள். அடுத்ததில் மூன்று வரிசை. ஐந்தாம் வகுப்புப் படத்தில் ஒரே ஒரு வரிசை, அதுவும் கைவீசி நிற்கத் தாராளமாக இடம் விட்டு. கீழே பொன் எழுத்தில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று எழுதியிருந்தது.

"படிப்புல பின்தங்கின பிள்ளைங்களைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று தலைமையாசிரியை ஆரம்பித்தாள்.

இரண்டு மூச்சு விட்டேன். அக்கா வாழ்க! "பின்தங்கின பிள்ளைன்னு யாரும் இல்லைங்க மேடம். நேரம் கொஞ்சம் கூட எடுத்துக்கற பிள்ளைங்க இருக்காங்க, அவ்வளவுதான்."

தாளாளர் கைக்குட்டையைத் தடவுவதை நிறுத்தினார். "கண்டுபிடிக்க எவ்வளவு நாளாகும்?"

"எதைங்க?"

"அந்த மாதிரி பிள்ளையைத்தான்."

"பிள்ளையைப் பொறுத்ததுங்க" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"படிக்கத் தெரிஞ்ச மாதிரியே ஒரு பிள்ளை நடிக்குதுன்னு வெச்சுக்குங்க. அப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று தலைமையாசிரியை கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளைத்தான் கேட்கிறார்களோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். சமாளித்துக்கொண்டு ஏதோ சொன்னேன்.

"மத்த பிள்ளைங்களும் சேர்ந்து மறைச்சா?"

"பிள்ளைங்க அப்படியெல்லாம் செய்வாங்களா மேடம்?"

"இங்க செய்யறாங்க. முன்னாடி இருந்த டீச்சரும் அவங்களோட சேர்ந்துக்கிட்டு மறைச்சாங்க" என்றாள். அந்த டீச்சர் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

எனக்கு உறுத்தியது இன்னொன்று. அப்படிப்பட்ட பிள்ளையைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதற்கு நான் மூட்டை மூட்டையாகப் பதில் கொண்டு போயிருந்தேன். உள்ளங்கையில் எழுதிப் பழக்குவது, ஒலியைப் பிரித்துச் சொல்வது, பள்ளி விட்டதும் தனியாக அரை மணி நேரம் உட்கார வைப்பது என்று எத்தனையோ. அவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பீர்கள் என்று அதையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வீர்கள் என்பதை அடுத்த கேள்வியாகக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

"ஒரு பாடம் நடத்திக் காட்டுங்க. பிள்ளைங்களைக் கூப்பிடறேன்" என்று தலைமையாசிரியை மணியைத் தட்டினாள்.

பள்ளிக்கூட ஆயா ஐந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டாள். மூன்றாம் வகுப்பு. முதலில் கரும்பலகையில் இரண்டு வரி எழுதி எல்லோரையும் சேர்ந்து படிக்கச் சொன்னேன். நன்றாகப் படித்தார்கள். ஆனால் இத்தனை வருடம் பிள்ளைகளின் வாயைப் பார்த்தே பிழைத்தவள் நான். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணின் உதடு மற்றவர்களை விட ஒரு நூல் பின்தங்கி வந்தது. தனியாகக் கேட்டபோது, பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரி கன்னத்தைச் சொறிகிற சாக்கில் கையை மறைத்து முணுமுணுத்தாள். ரெட்டைப் பின்னல் டாண் என்று சொன்னாள். அடி கள்ளிகளா என்று நினைத்துக்கொண்டேன். என் வாண்டு கூட இந்த அளவுக்குத் தேறியிருக்கவில்லை.

அந்த நேரத்தில் எனக்குப் பிறந்தது ஆசை. என் சரக்கைக் காட்டிவிட வேண்டும் என்கிற ஆசை.

பையிலிருந்து என் அட்டைகளை எடுத்தேன். நானே படம் வரைந்து, நானே எழுதியவை. வீட்டில் இருக்கிற பழைய அட்டைகள் வாண்டுக்கு மனப்பாடம் ஆகிவிட்டதால், அவள் கண்ணில் படாமல் இந்தத் தேர்வுக்கென்றே புதிதாகச் செய்திருந்தேன். விஷயம் சுலபம். படத்துக்கும் கீழே இருக்கிற எழுத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பூனை சுருண்டு படுத்துத் தூங்குகிற படம் இருக்கும், கீழே 'நாய் குரைக்கிறது' என்று எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளை படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கும், "டீச்சர் தப்பா எழுதிட்டீங்க!" என்று என்னையே திட்டும். படிக்கத் தெரியாத பிள்ளை படத்தைப் பார்த்துத் தைரியமாக, "பூனை தூங்குது" என்று சொல்லும். அந்தப் பிள்ளைக்குத் தான் மாட்டிக்கொண்டது கூடத் தெரியாது. நான் "அருமை" என்று சொல்லிவிட்டு, அப்புறம் யாருக்கும் தெரியாமல் அதைத் தனியாகக் கவனிப்பேன். ஒரு பிள்ளையின் மானத்தை வாங்காமல் அதன் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

ஐந்து பேரையும் தள்ளித் தள்ளி உட்கார வைத்து, ஆளுக்கொரு அட்டையை அவர்கள் மட்டும் பார்க்கும்படி கொடுத்தேன். கண்ணாடிக்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ புரிந்துபோன பார்வை.

அவர்கள் ஒவ்வொருவராகப் படித்தார்கள். சரியாகத்தான் படித்தார்கள், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மரத்தின் படத்தைப் பார்த்து, 'பஸ் வருகிறது' என்று படித்துவிட்டு, தலைமையாசிரியையைப் பார்த்து எச்சில் விழுங்கினான். டீச்சர் தப்பு என்று சொல்லும் தைரியம் அங்கே எந்தப் பிள்ளைக்கும் இல்லை.

ரெட்டைப் பின்னலின் முறை வந்தது. அட்டையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "பூனை தூங்குது" என்று கணீரென்று சொன்னாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அட்டையின் முதுகுதான் தெரியும். அவர்களுக்கு அது ஒரு சரியான பதில். மற்ற பிள்ளைகளுக்கும் அப்படித்தான். "அருமை" என்று சொல்லி, அட்டைகளைச் சேர்த்துத் தரும்படி கண்ணாடிக்காரியிடம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினாள். பூனை அட்டைக்கு வந்ததும் அதைப் படித்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. வரிசையாக வெளியே போகும்போது ரெட்டைப் பின்னலின் காதில் அவள் ஏதோ சொன்னதைப் பார்த்தேன்.

கதவு சாத்தியதும் தலைமையாசிரியை முதல் முறையாக என் கண்ணைப் பார்த்தாள். "இந்த அஞ்சு பேருல ஒருத்தருக்குப் படிக்க வரலைன்னு எங்களுக்குச் சந்தேகம். நாலு மாசமா யாராலும் கண்டுபிடிக்க முடியலை. உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

எல்லோரும் நன்றாகப் படிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த அட்டையில் இருந்தது எனக்கும் அந்தக் கண்ணாடிக்காரிக்கும் மட்டுமே தெரியும். ஆனால் நாலு மாதமாக யாராலும் முடியவில்லை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு மூச்சாவது, மூன்று மூச்சாவது!

"ரெட்டைப் பின்னல் பொண்ணுதாங்க" என்றேன். சொன்னதோடு நிறுத்தினேனா? பூனை அட்டையை உருவி மேசை மேல் வைத்து, படத்தையும் எழுத்தையும் விரலால் தொட்டுக் காட்டி, என் வித்தை முழுவதையும் கடை பரப்பினேன். "இது ஒரு விளையாட்டு மாதிரிங்க. பிள்ளைக்கே தெரியாது" என்று வேறு சொன்னேன்.

தாளாளர் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைக்குட்டையைத் தடவியது போலவே அதையும் தடவினார். "பிரமாதம்" என்றார்.

"புத்திசாலிப் பொண்ணுங்க. எனக்கு ஒரு வருஷம் குடுங்க, படிக்க வெச்சுடறேன்" என்றேன்.

"அதெல்லாம் உங்களுக்கு வேண்டாத சிரமம்" என்று தலைமையாசிரியை மணியைத் தட்டினாள். ஆயா வந்ததும், "ரெட்டைப் பின்னல். பையோட வெளிய உட்கார வை. அவங்கப்பாவுக்கு போன் போடு" என்றாள்.

அப்போதுதான் எனக்குச் சுவரில் இருந்த படங்கள் விளங்கின. நான்கு வரிசை, மூன்று வரிசை, ஒரு வரிசை. "மேடம், நான் அதுக்காகச் சொல்லலை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எங்ககிட்ட பின்தங்கின பிள்ளையே கிடையாது டீச்சர்" என்று அவள் மென்மையாகச் சொன்னாள். டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டாள். அதன் பிறகு வேலை நேரம், சேர வேண்டிய நாள் எல்லாம் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். வெட்கக்கேடு என்னவென்றால், அந்தப் பயத்துக்கு நடுவிலும் என் மனசின் ஒரு மூலை, வாண்டுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று குதித்துக்கொண்டிருந்தது.

"உங்க பொண்ணு வெளியதானே இருக்கா? கூப்பிடுங்க, பார்த்துடலாம்" என்றாள் தலைமையாசிரியை.

"ஸ்டாஃப் பிள்ளைங்களுக்கு டெஸ்ட் கிடையாதுன்னு..."

"டெஸ்ட் எங்க வெச்சோம்? விளையாட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவளுக்குக் கொஞ்சம் ஜலதோஷம் மேடம். இன்னொரு நாள்..."

அதற்குள் தாளாளரே எழுந்து கதவைத் திறந்துவிட்டார். வாண்டு உள்ளே வந்தாள். மூக்கு ஒழுகாத, ஆரோக்கியமான வாண்டு. என் பக்கத்தில் வந்து நிற்கப் பார்த்தவளை மேசைக்கு முன்னால் நிறுத்தி, பூனை அட்டையைக் கையில் கொடுத்தார்கள். என் கையெழுத்து, என் பூனை. அவள் கண்ணில் படாமல் நான் பொத்திப் பொத்தி வைத்த அட்டை. என் கையாலேயே என் பெண்ணுக்குக் குழி வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"இதுல என்ன எழுதியிருக்கு, படி பார்க்கலாம்."

வாண்டு அட்டையைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தாள். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து மெதுவாக நகர்த்தினாள்.

"நாய்... குரைக்கிறது" என்றாள். உடனே கலகலவென்று சிரித்தாள். "படம் தப்பு! இது பூனை!"

அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததிலிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என் பெண் படித்துவிட்டாள்! எத்தனை நாள் உள்ளங்கையில் எழுதியிருப்பேன், எத்தனை நாள் திட்டியிருப்பேன்! எல்லாம் அவளுக்குள்ளே போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது. ரெட்டைப் பின்னல், சுவர்ப் படம் எல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்கு மறந்தே போயின.

தலைமையாசிரியை அவள் கன்னத்தைத் தட்டினாள். அட்டைக் கட்டை எடுக்க நான் கையை நீட்டினேன். தாளாளர் அதைத் தன் இழுப்பறைக்குள் வைத்துச் சாத்தினார்.

"இது இங்கயே இருக்கட்டும். திங்கக்கிழமை புதுசாப் போட்டுக் கொண்டு வாங்க. பழசுன்னா பிள்ளைங்க ஒண்ணுக்கொண்ணு சொல்லிக் குடுத்துடும்" என்றாள் தலைமையாசிரியை. "வாரா வாரம் புது அட்டை. முதல்ல என்கிட்ட காட்டிட்டு, அப்புறம் கிளாஸுக்குப் போங்க. இந்தத் தடவை ரெண்டாம் கிளாஸ்ல ஆரம்பிக்கலாம். உங்க பொண்ணும் அதுலதானே இருக்கப் போறா."

வெளியே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. வாசல் வரை வாண்டின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காவலாளி எங்களுக்காகக் கதவைத் திறந்து, "திங்கக்கிழமை பார்க்கலாம் டீச்சர்" என்று சொல்லி மறுபடி சாத்தினான். தெருவில் இறங்கியதும் தாங்க முடியாமல் நடைபாதையிலேயே குனிந்து அவளைக் கட்டிக்கொண்டேன்.

"என் தங்கமே! எப்போடி படிக்கக் கத்துக்கிட்டே?"

"நான் எங்கம்மா படிச்சேன்? அந்த அக்கா சொல்லிக் குடுத்தா."

"எந்த அக்கா?"

"பெஞ்சுல வந்து உட்கார்ந்தாளே, ரெண்டு பின்னல் போட்டுக்கிட்டு. அழுதுக்கிட்டே இருந்தா. ஏன் அழறேன்னு கேட்டேன். படிக்க வராதாம், அதனால வீட்டுக்கு அனுப்பறாங்களாம். எனக்கும்தான் படிக்க வராதுன்னு சொன்னேன்." வாண்டு குரலைத் தாழ்த்தினாள். "உடனே அழுகையை நிறுத்திட்டு என் காதுல சொன்னா. உள்ள பூனை படம் காட்டுவாங்க, பூனைன்னு சொல்லிடாதே, நாய் குரைக்கிறதுன்னு சொல்லுன்னு. சிரிச்சது மட்டும் நானாத்தான்."

நான் எழுந்து நின்றேன். சாத்திய கதவையும் மேலே மாடி ஜன்னல்களையும் பார்த்தேன். எந்த ஜன்னலிலும் சத்தமில்லை. உள்ளே ஓடிப்போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அட்டைகளும் இப்போது என்னிடம் இல்லை.

"நானும் அவளுக்கு ஒண்ணு சொன்னேம்மா" என்று வாண்டு என் புடவையை இழுத்தாள்.

"என்ன சொன்னே?"

"உள்ள இருக்கற புது டீச்சர் எங்கம்மாதான், படிக்க வராதவங்களுக்கெல்லாம் எங்கம்மா சொல்லிக் குடுப்பாங்க, உனக்கும் சொல்லிக் குடுப்பாங்க, அழாதேன்னு சொன்னேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

வாண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"தள்ளி உட்கார்ந்துக்கிட்டா."